வெளிச்ச மேசையில் காலைச் சாப்பாடு

1

போன கிழமை ஒரு ஹோட்டலிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. எங்களிடம் தங்கியதற்கு நன்றி, உங்கள் அனுபவம் எப்படி இருந்தது என்று கேட்டிருந்தார்கள். கீழே ஐந்து நட்சத்திரங்கள். தொட்டால் மஞ்சளாகும். அதற்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி. சொல்ல விரும்புவதை அதற்குள் சொல்லலாமாம். நான் சொல்லத் தொடங்கினேன். நாலாவது வரியில் பெட்டி நிரம்பிவிட்டது. இதற்குமேல் இடமில்லை என்று சிவப்பு எழுத்து வந்தது.

நாலு வரியில் அடங்குகிற விசயமா இது? பத்து நாளாக வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன், கோபம் மட்டும் இறங்கவில்லை. ஆகவே மிச்சத்தை ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கோபத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதற்குப் பிறகு ஆறுதலாக வருகிறேன்.

லண்டனில் கோலியர்ஸ் வுட் என்கிற இடத்தில் இருக்கிறோம். நான் ஆஸ்பத்திரியில் போட்டர். நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய், எக்ஸ்றேக்கு விட்டு, திரும்பத் தள்ளிக்கொண்டு வருவது என் வேலை. மனைவி மெற்றில்டா ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருக்கிறாள். சனிக்கிழமைகளில் டூட்டிங்குக்கு மீன் வாங்கப் போவோம். அவள் கடைக்குள் போவாள். செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேற்றையான் எண்டு சொல்லுறியே, முந்தநாளையான் எல்லோ" என்று கடைக்காரனைக் கலங்கடிப்பாள். நான் வெளியே தள்ளுவண்டியோடு நிற்பேன். மணம் ஒத்துவராது என்று சொல்லிச் சொல்லி, இத்தனை வருடமாக ஒரு மீன்கடைக்குள்ளும் நான் கால் வைத்ததில்லை.

அந்த மணத்துக்கும் இந்த ஹோட்டலுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

2

எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு மகள் நிரோஷா ஒரு கடித உறையைக் கையில் தந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது, காப்புறுதிக் கொம்பனியில் வேலை. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, கடைசியில் ஒரு 'அப்பா' போடுவாள். உறைக்குள் வடநோர்வேயில் ஒரு மீன்பிடிக் கிராமத்தின் படம். சிவப்பு மரவீடுகள், மலை, கடல், கடலுக்குள் கால் வைத்து நிற்கிற ஒரு ஹோட்டல். மூன்று நாள், மூன்று பேருக்கு.

"உங்கட மரேஜ் சேர்ட்டிபிக்கற்றில இந்த ஊர்ப் பேர்தானே போட்டிருக்கு, அப்பா? தேடிப் பாத்தன். ஒரே ஒரு ஹோட்டல்தான். சர்ப்ரைஸ்!"

மெற்றில்டா படத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். படத்தைத் திருப்பி உறைக்குள் வைத்தாள். அந்த ஊருக்குத் திரும்பிப் போக எனக்கு விருப்பமில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நோர்வேக்கு நான் படிக்கத்தான் போனேன். அங்கே ஊர்ப்புறங்களில் ஒரு வருடப் பள்ளிக்கூடங்கள் உண்டு. எங்கள் ஆட்கள் பலர் அந்த வழியால்தான் உள்ளே போனார்கள். நானும் ஒரு வருடம் அங்கே பாட்டுப் படித்தேன், பனியில் சறுக்கப் பழகினேன், மொழி படித்தேன். வருடம் முடிந்ததும் மீன் கொம்பனியில் கத்தியும் நீல ஏப்ரனும் தந்தார்கள். நாலு வருடம் அங்கே மீன் வெட்டினேன். ஊருக்கு எழுதின கடிதங்களில் மட்டும் அந்த ஒரு வருடப் படிப்பை ஐந்து வருடமாக இழுத்துவிட்டேன்.

'கடல்சார் படிப்பு' என்று எழுதினேன். பள்ளிக்கூட வாத்தியாரின் ஓவர்கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, பக்கத்து நகரத்து நூல்நிலையத்துக்கு முன்னால் நின்று படமெடுத்து அனுப்பினேன். அந்தப் படம் எங்கள் வீட்டு விறாந்தையில் சட்டம் போட்டுத் தொங்கியது. பிறகு பிள்ளைக்கும் அதே கதையைத்தான் சொன்னேன். பாவம், அவள் யூனிவேர்சிற்றிக்கு விண்ணப்பித்தபோது தன்னைப் பற்றி எழுதுகிற கட்டுரையில், என் பெற்றோர் நோர்வேயில் கடல் விஞ்ஞானம் படித்தவர்கள், அந்த ஆர்வம் எனக்கும் இரத்தத்தில் இருக்கிறது என்று எழுதினாள். எனக்குக் கொண்டுவந்து வாசித்தும் காட்டினாள். நான் ஒரு கமாவைத் திருத்திக் கொடுத்தேன்.

3

ஒஸ்லோ விமான நிலையத்தில் பாஸ்போட்டைப் பார்க்கிற அதிகாரி, நோர்வேக்கு முதல்தரமா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒருகாலத்தில் அந்த நாட்டுப் பாஸ்போட்டே வைத்திருந்தவன் நான். பிரிட்டிஷ் பாஸ்போட் எடுத்தபோது நோர்வேக்காரர் அதைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். வாய் தன்பாட்டில் "ஓம், முதல்தரம்" என்று சொல்லிவிட்டது. இங்கிலீஷில்தான் சொன்னேன், பொய்க்கு மொழி எது என்றால் என்ன.

எனக்குப் பின்னால் நின்ற மெற்றில்டா அதே கேள்விக்கு நொஸ்க்கில், அவர்களுடைய மொழியில், பதில் சொன்னாள். அதுவும் வடக்குக் கரைப் பேச்சில், இழுத்து, கடைசியைக் கடித்து. அதிகாரி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். இந்தப் பேச்சை எங்கே பிடித்தீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

"வேலைத்தலத்தில" என்றாள்.

"என்ன சொன்னனீங்கள் அம்மா?" என்று நிரோஷா கேட்டாள். அவள் பிறந்தது நோர்வேயில்தான். மூன்று வயதில் லண்டன் வந்ததால் ஒரு சொல்லும் ஞாபகமில்லை.

"வெதர் நல்லமாம்" என்று நான் இடையில் புகுந்தேன்.

மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. மீன் கொம்பனி எப்போதோ மூடிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். இடித்திருப்பார்கள். 'நாங்கள் படிச்ச இடம் இஞ்சதான் இருந்தது, இடிச்சுப்போட்டாங்கள்' என்று ஒரு வெறும் நிலத்தைக் காட்டிவிட்டு வந்துவிடலாம். இரண்டு விமானம் மாறி, பஸ் எடுத்து, கடைசி வளைவால் திரும்பியபோது அந்தக் கட்டிடம் கண்ணில் பட்டது. நீளம் அதேதான். கடலுக்குள் ஊன்றின தூண்களும் அதேதான். சுவரில் சிவப்பு, யன்னல்களில் பெரிய கண்ணாடி, வாசலில் ஆட்டுத்தோல் விரித்த வாங்குகள்.

மீன் கொம்பனியை இடிக்கவில்லை. அதைத்தான் ஹோட்டல் ஆக்கியிருக்கிறார்கள்.

"சத்தம் போடாதையுங்கோ" என்று மெற்றில்டா என் காதுக்குள் சொன்னாள். நான் சத்தம் போடவேயில்லை. முகம் போட்டிருக்கும்போல.

எங்களுக்குத் தந்த அறை முந்தி பூட்ஸ் கழுவுகிற இடம். யன்னலால் தெரிந்த பாறையை வைத்துக் கண்டுபிடித்தேன். ஆறு பேர் வரிசையில் நின்று செதிலும் இரத்தமும் போகப் பூட்ஸ் கழுவின இடத்தில் வெள்ளை மெத்தைக் கட்டில். தலைமாட்டில் ஒரு புத்தகம், தடித்த தாள். இங்கே மனிதர்கள் கடலோடு இசைந்து எளிய வாழ்வு வாழ்ந்தார்கள் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எளிய வாழ்வாம்! குளிரில் விரல் விறைத்து, கத்தி வெட்டினதுகூடத் தெரியாமல், மீன் துண்டு சிவக்கும்போதுதான் கையைப் பார்த்தோம். சுவரில் அழகுக்கு ஒரு நீல ஏப்ரனைக் கொளுவிவிட்டிருந்தார்கள். தோய்த்து, அயன் பண்ணி.

4

காலைச் சாப்பாட்டுக்குக் கீழே போனோம். சாப்பாடு முழுக்க ஒரு நீளக் கண்ணாடி மேசையில் பரப்பியிருந்தது. மேசைக்குக் கீழேயிருந்து வெளிச்சம் வந்தது. சீஸ், பழம், பாண், புகைபோட்ட சாமன் மீன், எல்லாம் வெளிச்சத்தின்மேல் மிதக்கிற மாதிரி.

"ஓ மை கோட், எவ்வளவு வடிவு" என்று நிரோஷா படமெடுத்தாள்.

அதற்குப் பெயர் வெளிச்ச மேசை. மெசினால் வருகிற மீன் துண்டை அந்தக் கண்ணாடிமேல் வைத்தால், சதைக்குள் இருக்கிற புழுவும் முள்ளும் நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் அதைக் கிளப்பி எறிந்துவிட்டு, துண்டைச் சதுரமாக வெட்டிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் அந்த வெளிச்சத்தைப் பார்த்து, படுக்கக் கண் மூடினாலும் வெள்ளைச் சதுரம்தான் தெரியும். நான் புழுக் கிளப்பின இடத்தில் ஒரு ஜெர்மன்காரர் முலாம்பழம் எடுத்துக்கொண்டு நின்றார்.

மெற்றில்டா கோப்பையை வெறுமனே பிடித்துக்கொண்டு மேசை நீளத்துக்கு நடந்தாள். ஒரு இடத்தில் நின்றாள். எனக்குத் தெரியும், அது அவளுடைய இடம். மூன்றாவது இடம், தூணுக்குப் பக்கத்தில். நிரோஷாவுக்குத் தெரியாது, அம்மா தக்காளிப்பழம் தேடுகிறா என்று நினைத்திருப்பாள்.

மெற்றில்டா மன்னாரில் பேசாலை. தகப்பன் சூசைப்பிள்ளை கடல் தொழில். சின்ன வயதிலேயே கருவாட்டுக்கு மீன் பிளந்து பழகினவள். கத்தியின் முதுகில் இடது பெருவிரலை மடித்து ஊன்றிப் பிடிப்பாள். மேசைக்குப் பொறுப்பாக இருந்த இங்குன் என்கிற பெண் முதல் கிழமை அந்தப் பிடியைத் திருத்தப் பார்த்தாள். இரண்டாம் கிழமை தானே அப்படிப் பிடிக்கத் தொடங்கிவிட்டாள். முழுக் கொம்பனியிலும் மெற்றில்டாவின் பெட்டிதான் முதல் நிரம்பும். அங்கேதான் நான் அவளைக் கண்டேன், விரும்பினேன்.

சாப்பாட்டு அறைச் சுவரில் பழைய படங்கள் தொங்கின. கறுப்பு வெள்ளை, பெரிதாக்கி. அதில் ஒன்றுக்கு முன்னால் நிரோஷா நின்றுவிட்டாள்.

"அப்பா. இஞ்ச வாங்கோ."

அதே வெளிச்ச மேசை. எட்டுப் பேர். ஐந்து பேர் அந்த ஊர்ப் பெண்கள், கமெராவைப் பார்த்து நிற்கிறார்கள். இரண்டு பேர் வலைத்தொப்பியும் முதுகும் மட்டும்தான், திரும்பி நிற்கிறார்கள். மூன்றாவது இடத்தில், தூணுக்குப் பக்கத்தில், ஒரு பெண் கத்தியைப் பிடித்தபடி நேரே பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். கீழே ஐந்து பெயர்கள் முழுதாக, தகப்பன் பெயரோடு. அதற்குப் பிறகு: வெளிநாட்டுப் பெண், பெயர் தெரியவில்லை.

"அம்மா, திஸ் இஸ் யூ" என்றாள் நிரோஷா.

"ஓம் பிள்ளை. நான்தான்."

5

எனக்கு ஏறிவிட்டது. முப்பது வருடம் அடக்கினது எல்லாம் சேர்ந்து ஏறினதாக்கும். பொறுப்பான ஆளைக் கூப்பிடு என்று கேட்டேன். முகாமையாளர் ஒரு இளம் பெண், தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவள், நல்ல மரியாதை. எனக்கு நொஸ்க் தெரியும், ஆனால் கோபத்தில் இங்கிலீஷும் தமிழும் கலந்து வந்தது.

"பேர் தெரியாதாம்! இந்த மேசையில அவவுக்குப் பக்கத்தில நிண்டவளின்ர தகப்பன் பேர் வரைக்கும் தெரியுது, இவவின்ர பேர் மட்டும் தெரியாதோ? சம்பளப் புத்தகம் இருந்ததுதானே? வரி எடுக்கேக்க பேர் தெரிஞ்சதுதானே?"

ஒரு தமிழ்ச்சொல்லும் விளங்காமலே அவள் தலையாட்டினாள். பிறகு ஆங்கிலத்தில் விளக்கினாள். படங்கள் ஊர்ச் சபைக் காப்பகத்திலிருந்து வந்தவை, பின்னால் எழுதியிருந்ததை அப்படியே போட்டோம். மாற்றலாம், சந்தோசம். ஆனால் ஒரு ஆளின் பெயரைப் பொதுச் சுவரில் போடுவதென்றால் அவரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், தனிநபர் விபரச் சட்டம். ஒரு படிவம் மின்னஞ்சலில் அனுப்புகிறேன்.

"படிவமோ? ஆளே முன்னால நிக்குது!" என்று மெற்றில்டாவைக் காட்டினேன்.

மெற்றில்டா என் சட்டைக் கையைப் பிடித்தாள். "விடுங்கோ. அந்தப் பிள்ளையில என்ன பிழை? இருந்து சாப்பிடுவம்."

"என்னெண்டு விடுறது? உமக்குக் கோபம் வரேல்லையோ?"

"எனக்கு வந்து கனகாலம்" என்றாள். அப்போது அது எனக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி இருந்துவிட்டேன் என்றும் சொல்லலாம்.

நிரோஷா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வெயிட். அப்ப படிப்பு? மறீன் சயன்ஸ்?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் வாசல் கதவைத் திறந்துகொண்டு கோப்பிக்கு வந்தாள் இங்குன்.

6

எழுபது தாண்டியிருக்கும். தோள் கூனவில்லை. அந்த ஹோட்டலில் தினமும் காலை அவளுக்குக் கோப்பி. வருகிற ஆட்களுக்கு அவள் பழைய கதை சொல்லுவாளாம். மெற்றில்டாவை வாசலிலேயே அடையாளம் கண்டுவிட்டாள். கையில் இருந்த தடியை மேசையில் போட்டுவிட்டு, இரண்டு பேரும் கட்டிப்பிடித்து, அந்த வடக்குப் பேச்சில் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி சொல்வதை மற்றவள் கேட்டதாகத் தெரியவில்லை.

எனக்கு ஆள் கிடைத்துவிட்டது. இவளுக்குப் பெயர் தெரியும். முகாமையாளர்ப் பெண்ணுக்கு முன்னால் வைத்தே படத்தைக் காட்டி, "நீ மேசைக்குப் பொறுப்பாய் இருந்தவள். இவளின் பெயர் உனக்குத் தெரியாதா?" என்று இங்குனிடம் நொஸ்க்கில் கேட்டேன்.

இங்குன் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சொன்னாள். நிரோஷா தாயின் கையைப் பிடித்து, "அம்மா, என்ன சொல்லுறா?" என்றாள்.

"அதொண்டுமில்லை, பழைய கதை" என்றேன்.

"அப்பா, ப்ளீஸ். அம்மா, நீங்க சொல்லுங்கோ."

மெற்றில்டா ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மகளுக்குச் சொன்னாள்.

"தெரியுமாம். ஹோட்டல் சுவருக்குப் படம் போடேக்க இவையள் வந்து தன்னட்டக் கேட்டவையாம். பேர் தெரியும், ஆனா சொல்லமாட்டன் எண்டு சொன்னதாம்."

"ஏனாம்?"

"சத்தியம் பண்ணிக் குடுத்தவவாம்." மெற்றில்டா என்னைப் பார்க்கவில்லை. மேசை வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பேப்பர்காரன் படமெடுக்க வந்த அண்டைக்கு, உங்கட அப்பாவும் ராசன் அங்கிளும் அவவைத் தனியாக் கூட்டிக்கொண்டு போய்க் கும்பிட்டவையாம். எங்கட மூண்டு பேரின்ர பேரையும் போடவேண்டாம், ஊருக்குத் தெரிஞ்சால் எங்கட வாழ்க்கை போயிடும் எண்டு. தனக்கு அது விளங்கேல்லையாம். எண்டாலும் ஒரு ஆள் கும்பிட்டுக் கேட்டதைத் தான் மீறேல்லையாம். இண்டைக்கு வரைக்கும்."

இங்குன் கடைசியாக ஒன்று கேட்டாள். அதை மெற்றில்டா மொழிபெயர்க்கவில்லை. நான் சொல்கிறேன். "இப்போது சொல்லலாமா?" என்று என்னைக் கேட்டாள். மெற்றில்டாவின் பெயரைச் சொல்வதற்கு என்னிடம் அனுமதி கேட்டாள்.

இனி உங்கள் பங்குக்கு வருகிறேன். எங்கள் வீடு வலிகாமத்தில் சொந்தத் தோட்டக் காணி உள்ள வீடு. கோயிலில் எங்களுக்கென்று முன்வாங்கு. மீன் இல்லாமல் சோறு இறங்காது, ஆனால் மீன் கொண்டுவருகிறவர் படலைக்கு வெளியே நிற்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவரோடு ஒரே கிண்ணத்திலிருந்து நன்மை அப்பம் வாங்குவோம், திங்கட்கிழமை அவருக்குத் தண்ணீர் வேறு பேணியில் கொடுப்போம். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை வெளிநாடு போய் மீன் வெட்டுகிறான் என்று தெரிந்தால் என்ன பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே அப்படிப் பேசினவன். ஒஸ்லோவில் ஒருத்தன் அந்தப் பேப்பரைக் கண்டால் போதும், வெட்டிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பிவிடுவான். அதற்காக, என்னோடு அந்த மேசையில் நின்ற ராசனும் நானும் கமெராவுக்கு முதுகைக் காட்டினோம்.

மெற்றில்டா காட்டவில்லை. அவள் ஏன் காட்ட வேண்டும்? பேப்பர் வந்தவுடன் ஒன்று வாங்கித் தகப்பனுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆசைப்பட்டாள். "நான் கத்தி பிடிச்சிருக்கிற பிடியைப் பாத்தே அப்பா கண்டுபிடிப்பார்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நான் விடவில்லை. பேசாலைக்குப் போனால் மன்னார் முழுக்கப் போகும், அங்கேயிருந்து எங்கள் ஊருக்கு வரும், பிறகு நம்முடைய கல்யாணம் நடக்காது என்று சொன்னேன். படமா கல்யாணமா என்று வைத்தேன். ஊருக்கு நான் எழுதின கடிதத்தில் பெண்ணின் தகப்பன் கூட்டுறவுச் சங்க மனேச்சர். அவள் அந்தக் கடிதத்தையும் வாசித்தாள். பேப்பரை வாங்காமல் வந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, இடம்பெயர்ந்து போன இடத்தில் காய்ச்சலில் சூசைப்பிள்ளை போய்விட்டார். மகள் வெளிநாட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டவர்களுக்கு, 'எனக்குச் சொல்லமாட்டாள்' என்று சொன்னாராம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த ஹோட்டலில், அந்தக் கிழவி அனுமதி கேட்டுக்கொண்டு நின்ற நேரத்தில்தான், முகாமையாளர்ப் பெண்ணிடம் நான் போட்ட சத்தம் முழுக்க என் காதுக்குத் திரும்பி வந்தது.

"என்ர பேரை நானே சொல்லுறன்" என்று மெற்றில்டா தமிழில் சொன்னாள். பிறகு அதையே அவர்கள் மொழியில் சொன்னாள்.

நிரோஷா வெளியே போய், ஹோட்டலின் படகுப் பாலத்தில் நின்றாள். பின்னால் போனேன்.

"நான் அதை அப்ளிகேசன்ல எழுதினன் அப்பா. நீங்க கமா போட்டுத் தந்தனீங்க."

"ஓமம்மா."

"எனக்கு மீன் வெட்டினதில ஒரு பிரச்சினையும் இல்லை. யூ லெட் மீ பீ ப்ரௌட் ஒஃப் த ரோங் திங்." அதைத் தமிழில் எப்படி எழுதுவதென்று யோசித்துப் பார்த்தேன். பெருமைப்பட வேண்டியதை ஒளித்துவிட்டு, இல்லாத ஒன்றுக்குப் பெருமைப்பட விட்டுவிட்டீர்கள் என்று வரும். அவள் சொன்னதுபோல அது சுடவில்லை.

7

லண்டனுக்கு வந்து முதல் ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. "என்ன அண்ணை, ஹொலிடே எல்லாம் எப்பிடி? பனி பாத்தியளோ?" என்று கேட்டார்கள். நான் முந்தி வேலை செய்த மீன் கொம்பனியில் போய்த் தங்கினோம் என்றேன். கேட்டவர் சிரித்தார். "அண்ணைக்கு எப்பவும் பகிடிதான்." பகிடியில்லை என்றேன். அவர் இன்னொரு வடை எடுக்கப் போய்விட்டார்.

பின்னேரம் ராசனுக்கு அழைத்தேன். படத்தில் மற்ற முதுகு அவன். இப்போது ரொறொன்ரோவில் நல்ல வசதியாக இருக்கிறான். கதையைச் சொல்லி, பெயர் போடப் போகிறோம் என்றேன்.

"மச்சான், உனக்கென்ன விசரே?"

"ஏன்டா?"

"மூத்தவளுக்கு இப்பதான் ஒரு சம்பந்தம் பொருந்தி வருது. நல்ல ஆக்கள், ஊர்ப் பக்கம். இந்த நேரத்தில கிண்டாதை. அதில முகம் தெரியாதெல்லோ?"

"தெரியாது. முதுகுதான்."

"பிறகென்ன? முதுகைப் பாத்து ஆர் கண்டுபிடிக்கிறது? அப்பிடியே விடு. மெற்றில்டாவுக்கு வேணுமெண்டால் போடட்டும். அவவுக்கு..." என்று தொடங்கி நிறுத்தினான்.

"அவவுக்கு என்ன?"

"இல்லை, அவவின்ர ஆக்களுக்கு அது ஒண்டும் புதிசில்லைத்தானே, அதைச் சொன்னன்."

தொலைபேசியை வைத்துவிட்டேன். முப்பது வருடமாக அவளுடைய கறியைச் சாப்பிட்டவன். லண்டனுக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் படுப்பான். நாடு மாறி, பாஸ்போட் மாறி, பிள்ளைகளின் பேச்சே மாறிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் கைப்பொதியில் வைத்து எல்லா எல்லையாலும் கொண்டுவந்துவிட்டோம். ஒரு சுங்கத்திலும் பிடிக்கிறார்களில்லை. அவனில் வந்த கோபத்தில் அரைவாசி, முப்பது வருடத்துக்கு முந்தின என் குரலை அவன் வாயில் கேட்டதால் வந்தது.

படிவம் செவ்வாய்க்கிழமை வந்தது. நிரோஷா வேலையில் அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தாள். அவள் இன்னும் என்னோடு அளந்துதான் கதைக்கிறாள். தாயோடு மணிக்கணக்கில் கதைக்கிறாள், தமிழில், முறித்து முறித்து. கத்தி பிடிக்கிற விதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டு, குசினியில் இரண்டு பேரும் ஒரு பாரை மீனைப் பாழாக்கினார்கள்.

மெற்றில்டா ஈரக் கையைத் துடைத்துவிட்டு மேசையில் இருந்தாள். பேனையை எடுத்தாள். அவளுடைய பாஸ்போட்டில், வங்கியில், பள்ளிக்கூடத்தில் எல்லாம் பின்னால் என் பெயர்தான். படிவத்தில் அவள் மெற்றில்டா சூசைப்பிள்ளை என்று எழுதினாள். அந்த ஐந்து பெண்களுக்கும் போட்ட மாதிரி, தகப்பன் பெயரோடு. ஊர் என்ற இடத்தில் பேசாலை. கையெழுத்து வைத்தாள்.

"என்ர பேரையும் சேத்து அனுப்புவம்" என்றேன். "இன்னொரு படிவம் கேக்கலாம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மூடியைப் பேனையில் கொளுவிக்கொண்டு, பாண் முடிஞ்சுது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"அதில உங்கட முதுகுதானே இருக்கு. முதுகுக்கு ஆரப்பா பேர் போடுறது?"

ஹோட்டல்காரரின் சட்டப்படியும் அதுதான் சரி. முகம் தெரியாத ஆளுக்குப் பெயர் தேவையில்லை. அந்தச் சுவரில் எனக்கு இடமில்லை, கேட்க எனக்கு வாயுமில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன். எங்கள் ஊரில் இந்தப் பத்திரிகை யார் யார் வீட்டுக்கு வருகிறது என்று தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன். ராசனின் முதுகை அவன் வைத்திருக்கட்டும். ராசன் என்பது அவனுடைய சரியான பெயரும் இல்லை.

அந்தப் படத்தில் இடமிருந்து நாலாவது, பெயர் தெரியாத பெண்ணுக்குப் பக்கத்தில் திரும்பி நிற்கிறவன், யோசேப் செல்வராசா. நாலு வருடம் அந்த மேசையில் மீன் வெட்டினவன். கடல்சார் படிப்பு எதுவும் படிக்காதவன். பேசாலைக் கடற்தொழிலாளி சூசைப்பிள்ளையின் மருமகன்.